துறைமுகம் தாமதித்த இருபது ஆண்டுகள்: மதராசும் கோலார் தங்கவயலும்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே அமைந்த நிலையம். அருகிலிருந்த சுரங்கத்தின் பெயரே நிலையத்தின் பெயராயிற்று. கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்னும் சொல்லின் ஐரோப்பியத் திரிபு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நியூசிலாந்திலும் ஒரு கோரமண்டல் உண்டு. அங்கும் தங்கம் எடுக்கப்பட்டது. அந்த ஊர்ப்பெயர் 1820-இல் அங்கே சென்ற ஒரு கப்பலின் பெயர். கப்பலின் பெயரோ சோழமண்டலக் கரையின் பெயர். தங்கவயலுக்கு அச்சொல் எவ்வழியாக வந்திருப்பினும், அது புறப்பட்ட இடம் கடற்கரையே.

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே வைத்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மூன்று கிலோமீட்டரைத் தாண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம், 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 800 டன் தங்கம், பாறைவெடிப்பில் மாண்டவர்கள் ஆகியவையே அதன் வழக்கமான அதிகாரங்கள். அவ்வூருக்கு மனிதர்களும் இயந்திரங்களும் வந்து சேர்ந்த வழி குறித்துப் பேசப்பட்டது குறைவு. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் தங்கவயலில் கால்வைத்தது. அப்போது தங்கவயலுக்கு அருகே சென்ற ரயில்பாதையோடு நேரே இணைந்திருந்த பெரிய கடற்கரை நகரம் மதராஸ். அங்கே ஒரு துறைமுகம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1876-இல் தொடங்கிய அந்த வேலை, இடையில் இடிந்து, மீண்டும் எழுந்து, 1896 வாக்கில்தான் முடிவுற்றது.

அந்த இருபது ஆண்டுகளில் பயணிகள் என்ன செய்தார்கள் என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. துறைமுகம் தாமதமானால் பயணிகள் காத்திருப்பார்கள் என்று எண்ணுவது இயல்பு. மதராசின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. வழியை மாற்றிக்கொள்ள இயன்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். இயலாதவர்கள் பழைய ஆபத்தின் வழியாகவே போனார்கள். தாமதத்தின் விலை எல்லார் மீதும் சமமாக விழவில்லை.

1. துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

மதராஸ் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற மணல்திட்டில் வளர்ந்த நகரம். அங்கே வளைகுடா இல்லை. கப்பலுக்கு மறைவு தரும் முனை இல்லை. ஆழமான ஆற்றுமுகமும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே, வரிசைவரிசையாக மடிந்து விழும் அலைகள். ஐரோப்பியரின் கீல்வைத்த படகுகள் அந்த அலையில் தரைதட்டி உடைந்தன.

அதைக் கடக்கத் தெரிந்தவர்கள் கரையோரப் படகோட்டிகள் மட்டுமே. மசூலாப் படகு ஆணி இல்லாதது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தது. அலை அடிக்கும்போது அது விறைத்து நிற்காமல் வளைந்துகொடுத்தது. அந்த நெகிழ்ச்சியே அதன் காப்பு. அவசரக் கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் கொண்டுபோனார்கள். ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குக் குடியேறியதும் இக்கரையிலிருந்துதான். கடல் மிகக் கொந்தளித்த நாட்களில் கரையில் கொடி ஏற்றி எச்சரிப்பார்கள். கொடி இறங்கும்வரை கப்பலில் இருப்பவர் இறங்க முடியாது. கரையில் இருப்பவர் ஏறவும் முடியாது.

1861-இல் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான இரும்புத் தூண்பாலம் ஒன்று அலைகளைத் தாண்டிக் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1868-இலும் 1872-இலும் வீசிய புயல்களில் அது சிதைந்தது. அலையைத் தாண்டிப் பாலம் போடுவதால் பயனில்லை, அலையையே தடுத்து நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு அரசு அதன் பின்னரே வந்தது.

2. ஒரே மாதம், இரண்டு அடிக்கற்கள்

1875 டிசம்பரில் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் எட்வர்ட் தெற்காசியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். அம்மாதத்தில் அவர் இரண்டு துறைமுகங்களுக்கு அடிக்கல் நாட்டினார். ஒன்று கொழும்பில், மற்றொன்று மதராசில். கொழும்புத் துறைமுகத்தின் வடிவமைப்பு ஜான் கூட் என்னும் பொறியாளருடையது. மதராசின் வடிவமைப்பு, கராச்சியின் மனோரா அலைதடுப்புச் சுவரைக் கட்டிய வில்லியம் பார்க்ஸுடையது. இரண்டும் திறந்த கடலை எதிர்கொண்ட கரைகள்; இரண்டிலும் கடலுக்குள் சுவர் எழுப்பிச் செயற்கையாக அமைதிநீரை உண்டாக்குவதே திட்டம்.

மதராசில் கரையிலிருந்து இரு கைகள்போல் நீண்டு, கிழக்குமுகமாக வாய்திறந்த சுவர்கள் கட்டப்பட்டன. வேலை தொடங்கிய ஆண்டே பெரும்பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கடல்வழி வந்த தானியம் அலைகளின் மேல் படகுபடகாக இறக்கப்பட்டுக் கடற்கரை மணலில் மூட்டைகளாகக் குவிந்தது. அங்கிருந்து ரயில் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. துறைமுகம் என்பது வணிகர்களின் வசதி மட்டுமன்று, பசித்தவர்களின் தேவையும் ஆகும் என்பதை அந்த மூட்டைகள் காட்டின. கோலார்ச் சீமையும் அந்தப் பஞ்சத்தில் அழிந்த நிலங்களுள் ஒன்று.

1881-ஆம் ஆண்டு நவம்பரில், வேலை ஏறக்குறைய உருப்பெற்றுவிட்ட நிலையில், ஒரு புயல் வந்தது. சுவர்களின் பெரும்பகுதி கடலுக்குள் சரிந்தது. அதன் பிறகு நடந்தது வெறும் மறுகட்டுமானம் அன்று. வடிவமைப்பே விவாதத்துக்கு வந்தது. சுவரை எப்படி வலுப்படுத்துவது, வாயிலைக் கிழக்கே வைப்பதா வடகிழக்கே வைப்பதா, செலவை யார் ஏற்பது என்பன குறித்து மதராஸ் அரசும் லண்டனும் ஆலோசனைப் பொறியாளர்களும் வணிகர் சபையும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். மீண்டும் எழுந்த துறைமுகம் 1896 வாக்கில் முழுமை பெற்றபோது, அதன் வாயில் கிழக்கையே பார்த்திருந்தது.

அது தவறான திசை என்பதைக் கடல் விரைவில் நிறுவியது. சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீண்ட சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. வாயிலோ தூர்ந்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் கிழக்கு வாயில் மூடப்பட்டு, 1911-இல் வடகிழக்கு வாயில் திறந்தது. பெரிய கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கும் மேடைகளும் அவர் காலத்தில்தான் உருவாயின. அடிக்கல் நாட்டியதிலிருந்து எண்ணினால், மதராசுக்குச் சரியான துறைமுகம் கிடைக்க 36 ஆண்டுகள் ஆயின.

கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885-இல் முடிந்தது. 1880களிலேயே பி அண்ட் ஓ நிறுவனத்தின் பெரிய பயணிகள் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகும் வழிகள் பிரியும் சந்தியாகக் கொழும்பு வளர்ந்தது. ஒரே இளவரசர் ஒரே மாதத்தில் நாட்டிய இரு கற்களுள், ஒன்று பத்தாண்டுகளில் தன் இலவரசரின் பயணவழியிலேயே உலகக் கப்பல் பாதையின் சந்தியாயிற்று. மற்றொன்று அவ்வேளையில் இடிபாடுகளுக்கு நடுவே நின்றது.

3. வழியை மாற்றிக்கொண்டவர்கள்

சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறந்தது. மதராஸ் ரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் 1871-இல் ராய்ச்சூரில் சந்தித்தன. இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவு பெரிது. இங்கிலாந்திலிருந்து வருபவர் பம்பாயில், இயற்கையாகவே காப்புள்ள துறைமுகத்தில், உடை நனையாமல் இறங்கலாம். ரயிலேறி ராய்ச்சூர் வழியாக மதராசையோ, அரக்கோணம், ஜோலார்பேட்டை வழியாக பெங்களூரையோ அடையலாம். இங்கிலாந்துத் தபாலும் பம்பாயில் இறங்கி ரயிலேறியது. தபால் போகும் வழியே உயர்வகுப்புப் பயணிகள் போகும் வழி.

மதராஸ் துறைமுகத் திட்டத்தின் துயரம் இதில் அடங்கியிருக்கிறது. அலையைக் கண்டு அஞ்சிய பயணிகளை மீட்பதற்காகவே துறைமுகம் கட்டப்பட்டது. அது முடியும் முன்பே அவர்களுக்கு வேறு வழி பழகிவிட்டது. 1896-இல் சுவர் முழுமையடைந்தபோது கால்நூற்றாண்டுப் பழக்கம் பம்பாயின் பக்கம் இருந்தது. கட்டுமானத் தாமதத்தின் கணக்கை எழுதும்போது கூடுதல் செலவையும் வட்டியையும் எழுதுகிறார்கள். திரும்பி வராத பயணிகளை எழுதுவதில்லை.

தங்கவயலின் எழுச்சி இந்த இடைக்காலத்துக்குள் விழுகிறது. நியூசிலாந்தின் மாவோரிப் போரில் பணியாற்றி பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லவல் என்னும் ஐரிஷ்காரர் 1873-இல் கோலாரில் சுரங்கம் தோண்ட உரிமை கேட்டார். சில ஆண்டுகளில் அவ்வுரிமை இராணுவ அதிகாரிகள் சிலரின் கூட்டுக்குக் கைமாறி, 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்திடம் வந்தது. 1881-இல் மதராசின் சுவர் சரிந்தது. தங்கவயலில் முதலீட்டாளர்களின் பணமும் அக்காலத்தில் பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது. 1880களின் நடுவில் மைசூர் சுரங்கத்தில் சாம்பியன் படிவு கண்டறியப்பட்ட பிறகே தங்கவயல் தங்கவயலாயிற்று.

அதன் மேற்பார்வையாளர்களாக வந்தவர்களுள் கணிசமானோர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள். கார்ன்வாலில் சுரங்க மேலாளரைக் ‘கேப்டன்’ என்று அழைப்பது வழக்கம். கடலையே காணாத தங்கவயலில் கேப்டன்கள் நிறைந்திருந்ததன் காரணம் அதுதான். இத்தாலியரும் வந்தார்கள். இவர்களுக்குத் துறைமுகம் ஒரு தேர்வு. மதராஸ் சரியில்லை என்றால் பம்பாய் இருந்தது. இயந்திரத்துக்கு அந்தத் தேர்வு அவ்வளவு எளிதன்று. பல டன் எடையுள்ள கொதிகலனையும் இறைப்பு இயந்திரத்தையும் இரு கம்பெனிகளின் தடங்களில் கண்டத்தின் குறுக்கே இழுத்துவருவது செலவு மிகுந்த வேலை. அருகிலிருந்த துறையில் இறக்குவதோ அலையைப் பொறுத்த வேலை.

ரயிலிலும் கடைசி 16 கிலோமீட்டர் குறைந்திருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டுப் பகுதிக்குச் செல்லும் பாதை 1864-இலேயே திறந்துவிட்டது. அதில் ஒரு நிலையத்துக்கு, மைசூரின் தலைமை ஆணையராயிருந்த லூயின் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று பெயர். அங்கிருந்து சுரங்கம்வரை மாட்டுவண்டி. மைசூர் அரசின் கிளைப்பாதை 1894-இல் மாரிக்குப்பத்தை எட்டியபோதுதான் மாட்டுவண்டிக் காலம் முடிந்தது. பௌரிங்பேட்டை பிற்காலத்தில் பங்காரப்பேட்டையாயிற்று. கன்னடத்தில் பங்காரம் என்றால் தங்கம். அதிகாரியின் பெயருக்கு ஒலியில் அருகிலிருந்த உள்ளூர்ச் சொல் அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. மக்கள்சொற்பிறப்புக்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

4. மாற்றுவழி இல்லாதவர்கள்

‘பயணி’ என்னும் சொல்லே இக்காலத்தில் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. அறை எடுத்துப் போனவர் பெயர்ப்பட்டியலில் பயணியாக இடம்பெற்றார். ஒப்பந்தத்தில் போனவர் கூலி. அவர்களை ஏற்றிய கப்பல்களின் கணக்கில் முதிர்ந்த ஆள் ஒன்று, சிறு குழந்தை அரை என்று கணக்கிட்டார்கள். ‘ஆள் ஏற்றுதல்’ என்னும் வழக்கில், ஏறுபவர் வினைமுதல் அல்லர், ஏற்றப்படும் பொருள்.

1860 அக்டோபரில் மதராசிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் 342 பேர் இருந்தார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படும் பயணம் அது. அப்போது இரும்புத் தூண்பாலமும் திறக்கவில்லை. அவர்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் மொரீசியசுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களும், அலையைத் தாண்டிக் கப்பலை அடைந்தவர்கள். முன்பணம் வாங்கிவிட்டவர், ஊரை விட்டுவிட்டவர், டிப்போவில் அடைபட்டிருந்தவர் பம்பாய்க்குப் போய்க் கப்பலேற முடியாது. கொடி ஏறியிருந்தால் காத்திருப்பார், இறங்கினால் படகேறுவார். பயணத்திட்டம் என்று ஒன்று அவர் கையில் இருந்ததே இல்லை.

இத்தாமதத்தால் பிழைத்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. துறைமுகம் முடியாத ஒவ்வோர் ஆண்டும் மசூலாப் படகோட்டிக்கு வேலை இருந்த ஆண்டு. ஆங்கிலப் பயணக்குறிப்புகள் இவர்களைப் பேராசைக்காரர்கள் என்றும் கூச்சலிடுபவர்கள் என்றும் வருணித்தன. அலைக்குள் உயிரைப் பணயம்வைத்துப் படகைச் செலுத்தும் திறனுக்கு விலை கேட்பதைப் பேராசை என்று சொல்வது, இறங்க வேறு வழியில்லாதவரின் எரிச்சல். சுவர் எழுந்து, கப்பல்கள் கரையோடு அணையத் தொடங்கியதும், அத்திறனுக்கு விலையில்லாமற் போயிற்று. அதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன தரப்பட்டது என்பது துறைமுக வரலாற்றின் கேள்விகளுள் ஒன்றாக எழுந்ததே இல்லை.

தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களைக் கடலேறியவர்களின் உறவினர்களாகவே பார்க்க வேண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் நிலமற்ற மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், பஞ்சத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இரு திசைகளில் ஊரை விட்டார்கள். ஒரு திசை கிழக்கே கடல். மறுதிசை மேற்கே மலைமேட்டின் சுரங்கம். ஒரே சேரியின் அண்ணன் ரங்கூனுக்கும் தம்பி மாரிக்குப்பத்துக்கும் போகக்கூடிய காலம் அது. இரண்டும் உயிருக்கு ஆபத்தான வேலையே. வேறுபாடு திரும்பிவரும் வழியில் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து ஊருக்கு வர ஒப்பந்தம் முடிய வேண்டும், கப்பல் வர வேண்டும், அலை அடங்க வேண்டும். சுரங்கத்திலிருந்து ஊருக்கு வர ரயில்சீட்டு போதும். சாவுக்கும் திருமணத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் போய்வரத்தக்க தூரத்தில் தங்கவயல் இருந்தது. தங்கவயல் தமிழ் ஊராகவே நிலைத்ததற்கு இந்தப் போக்குவரத்தும் ஒரு காரணம்.

அதே தடத்தில் நூல்களும் கருத்துகளும் வந்தன. அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழும், அவருடைய சாக்கிய பௌத்த சங்கமும் தங்கவயலில் ஊன்றிய வேர் ஆழமானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. அயோத்திதாசரின் மறைவுக்குப் பின், 1926 முதல், ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரால் வெளியிடப்பட்டது. சுரங்க வேலைக்காகப் போடப்பட்ட பாதை, சுரங்கக் கம்பெனி எண்ணிப்பாராத சரக்கையும் கொண்டுவந்தது.

5. குறித்த காலத்தில் முடிந்த ஒரு வேலை

தாமதம் அக்காலத்தின் இயல்பு, தொழில்நுட்பம் வளராததன் விளைவு என்று சொல்லிக் கடந்துவிடலாம். தங்கவயலே அதற்கு மறுப்பு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியில் அனுப்பும் திட்டம், திவான் சேஷாத்ரி ஐயரின் ஆதரவோடு, ஏ. ஜே. டி லாட்பினியே என்னும் பொறியாளரின் பொறுப்பில் நடந்தது. 1900-இல் வேலை தொடங்கியது. 1902 ஜூனில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அந்நாளில் உலகிலேயே நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் கடல்கடந்து வந்தவை. காட்டு வழியே மாடுகளும் யானைகளும் இழுத்துப்போனவை.

கடலில் சுவர் கட்டுவதும் நிலத்தில் கம்பி இழுப்பதும் ஒன்றல்ல. புயலின் பங்கை மறுக்க இயலாது. ஆனால் 1881-இன் புயல் ஓரிரவின் செய்தி. அதற்குப் பின் சென்ற பதினைந்து ஆண்டுகளையும் புயலின் கணக்கில் எழுத முடியாது. சிவசமுத்திரத் திட்டத்துக்கு உடைமையாளர் ஒருவர், மைசூர் அரசு. வாங்குபவரும் ஒருவர், சுரங்கக் கம்பெனிகள். விலைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தது. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பு யாருக்கு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. மதராஸ் துறைமுகத்துக்கு உடைமையாளர் பலர், முடிவெடுப்பவர் லண்டனில், பயன்படுத்துபவருள் செல்வாக்கு உள்ளவர்கள் ஏற்கெனவே பம்பாய் வழியைப் பிடித்துவிட்டவர்கள். அலையில் நனைந்துகொண்டிருந்தவர்களுக்குக் குழுவில் இடமில்லை. வழியை மாற்றிக்கொள்ள இயன்றவர்கள் போய்விட்டபின், மிஞ்சியவர்களின் அவசரம் எவருடைய அவசரமாகவும் இருக்கவில்லை.

இரு திட்டங்களையும் பிரிப்பது பொறியியல் திறனைவிட இதுவே எனலாம்.

6. கடைசி நிலையம்

தங்கவயல் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் ஒன்றிய அரசுக்கு மாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. வேலைதேடி மக்கள் வந்திறங்கிய ஊர், வேலைக்காக மக்கள் நாள்தோறும் கிளம்பிப்போகும் ஊராயிற்று. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு விடியுமுன் ரயிலேறி, இருட்டியபின் திரும்புபவர்களே இன்று அக்கிளைப்பாதையின் முதன்மைப் பயணிகள். 1894-இல் சுரங்கத்தை எட்டியதும் நின்றுவிட்ட பாதை இன்றும் மாரிக்குப்பத்திலேயே முடிகிறது.

தெற்கே, ஆந்திரத்தின் குப்பம், சென்னைத் தடத்தில் இருக்கிறது. மாரிக்குப்பத்துக்கும் குப்பத்துக்கும் இடையே தேவைப்படுவது 24 கிலோமீட்டருக்கும் குறைவான பாதை. அது அமைந்தால் தங்கவயல் கிளையின் முனையாக இல்லாமல் வழியில் ஓர் ஊராக ஆகும்; சென்னை நோக்கிப் போக வேண்டியவர் எதிர்த்திசையில் பங்காரப்பேட்டைவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. 2010களின் தொடக்கத்தில் ஒப்புதல் பெற்ற அத்திட்டம், பத்தாண்டுகளைக் கடந்தும் ரயில் ஓடும் நிலையை எட்டவில்லை. தங்கவயலை ஒட்டிச் செல்லும் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டது. ஆந்திர, தமிழ்நாட்டுப் பகுதிகளில் 2025-இலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இவற்றை 1881-இன் துறைமுகத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுவதற்குக் காரணம், இரண்டிலும் தாமதம் உண்டு என்பது மட்டுமன்று. கார் உள்ளவருக்குப் பழைய நெடுஞ்சாலை இருக்கிறது. பெங்களூரில் வாடகை கொடுக்க இயன்றவர் குடிபெயர்ந்துவிட்டார். மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டிக்கு நிற்பவர், அவ்விரண்டும் இயலாதவர். மதராஸ் கடற்கரையில் கொடி இறங்கக் காத்திருந்தவரின் இடத்தில் இன்று அவர் நிற்கிறார்.

கட்டுமானங்களின் வரலாற்றை அடிக்கல் நாள், திறப்பு நாள் என்ற இரண்டு தேதிகளால் எழுதுவது நம் வழக்கம். அடிக்கல் நாட்டியவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. திறந்துவைத்தவரின் பெயரும் இருக்கிறது. இவ்விரு தேதிகளுக்கும் இடையே எவரெவர் எவ்வழியாகப் போனார்கள், எவர் போகவே முடியாமல் நின்றார்கள் என்பதைக் கேட்கும் வரலாறு தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. மதராசின் மசூலாப் படகோட்டிகளும், நேட்டாலுக்குப் படகேறியவர்களும், பௌரிங்பேட்டையில் இறங்கி மாட்டுவண்டியின் பின்னே நடந்தவர்களும் அந்த இடைவெளியில்தான் வாழ்ந்தார்கள். துறைமுக ஆவணங்களையும் சுரங்க ஆவணங்களையும் தனித்தனி அறைகளில் படிக்காமல் ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் மாணவருக்கு, அங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.